மூட்டையில் என்ன

புளியரைச் சாவடியில் ஏழு வருஷமாக
நான் கேட்கிற கேள்வி அது.
மூட்டையில் என்ன?
தேங்காய் சார். இல்லை, மேடம். தேங்காய் மேடம்.
தவிடு. கருவாடு. காய்ந்த ரப்பர் ஷீட்டு.
ஒருமுறை சாக்கு தானாக நகர்ந்தது: ஆமை.

புனலூரில் உள்ளாட்சித் தேர்தல் பந்தோபஸ்து.
ஒன்பது ராத்திரி, ஒரு கல்யாண மண்டபம்,
மாப்பிள்ளை வீட்டாருக்கான மாடி அறை.
கூட்டிப் பெருக்க வந்த லைலாபீவி
மெத்தையைக் காட்டி ரகசியமாகச் சொன்னாள்:
"மூட்ட உண்டு கேட்டோ."
யாருடைய மூட்டை, உள்ளே என்ன என்றேன்
தூக்கக் கலக்கத்தில், பழக்கதோஷத்தில்.
விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில்
ஸ்டெல்லா ஏட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பின் பையைத் தரையில் வைக்கவில்லை.
ஜன்னல் கம்பியில் மாட்டினேன்.
மெத்தையைச் சுவரோடு நிமிர்த்திவிட்டு
டைல்ஸில் போர்வை விரித்துப் படுத்தேன், விளக்கை அணைக்காமல்.
ஆனாலும் விடிந்தால் முன்கையில்
வரிசையாக மூன்று தடிப்பு,
முடிக்காத வாக்கியத்தின் மூன்று புள்ளி.

திரும்புகையில், ஆரியங்காவு தாண்டி
எஸ் வளைவு இறங்கியதும்
எங்கள் வண்டியை எங்கள் ஆட்களே நிறுத்தவில்லை.
கை அசைத்தார்கள். சல்யூட் வேறு.
கோழி வண்டிக்கு மருந்து தெளிப்போம்,
மர லோடுக்குக் காகிதம் கேட்போம்.
போலீஸ் பையின் தையலுக்குள் உட்கார்ந்து
மாநிலம் தாண்டுகிறவனை யாரும் எதுவும் கேட்பதில்லை.

காலை நாலரை. செங்கோட்டை வாடகை வீடு.
முன்கதவைத் தட்டவில்லை.
பின்பக்கம், குளியலறைக்கு வெளியே
வெள்ளை வேட்டியை விரித்துப் பையைக் கவிழ்த்தேன்.
வெள்ளையில்தான் ஓடுவது தெரியும்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு,
புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்வதை
மனசுக்குள் எனக்கே சொல்லிக்கொண்டேன்:
நடுவைப் பார்க்காதே, ஓரத்தைப் பார்.
ஜிப்புக்கு அடியில், லேபிளுக்குப் பின்னால், மடிப்பில்.
ஒளிகிறவன் எல்லாரும் ஒரே மாதிரிதான் ஒளிகிறான்.

அடுப்பில் குண்டான் கொதித்தது.
காக்கி ஒன்று, காக்கி இரண்டு, துண்டு, சாக்ஸ்.
டிசம்பர் வெயிலை இந்த ஊரில் யார் நம்புவது.

சத்தம் கேட்டுக் கம்பிக் கதவுக்குப் பின்னால்
வந்து நின்றாள் தர்ஷிகா.
அம்மா.
வராதே.
ஒம்பது நாளாச்சும்மா.
அங்கேயே நில்லு தங்கம், கதவைத் தொடாதே.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
பிறகு, "யாரைப் பிடிச்சிருக்க?"

கடைசியாக வந்தது அவளுடைய பச்சைப் பாவாடை.
கிளம்புகிற அன்று அவளே திணித்தது:
தலைக்கு வெச்சுக்கோ, அப்பதான் தூக்கம் வரும்.
வைத்துக்கொண்டேன், எல்லா ராத்திரியும்.
அதன் அடியில்
வளர வளரப் பிரித்துவிடலாம் என்று
டெய்லர் மரியசெல்வம் உள்ளே மடக்கித் தைத்த
மூன்று விரல்கடைத் துணி.
பிளேடால் தையலைப் பிரித்தேன்.
இவள் வளர்வதற்கென்று விட்டுவைத்த இடத்தில்
அவை வளர்ந்துகொண்டிருந்தன.
மிளகுப்பொடி சிந்தியதுபோல் கறை, குருணைப் பொடிபோல் முட்டை.
பெரியது ஒன்று, நிறைந்த வயிறோடு
ஓட முடியாமல் ஓடிற்று.
நகத்தால் நசுக்கினேன். அந்த வாடை.
வேட்டியில் தெறித்தது என் ரத்தம்தான்.

பாவாடையை இரண்டு முறை கொதிக்க வைத்தேன்.
தண்ணீர் பாசிக்குளம் மாதிரி ஆயிற்று.

மூன்றாம் நாள் அரைகுறை வெயிலில் காய்ந்தபோது
மேலெல்லாம் வெளுத்து,
பழைய மடிப்புக்குக் கீழே மட்டும்
கடையில் வாங்கியபோது இருந்த பச்சை.
போட்டுப் பார்த்தாள். கணுக்காலைத் தாண்டித் தரையில் புரண்டது.
நான் இன்னும் அவ்ளோ வளரலையே என்றாள்.
தடுக்குதும்மா.
பார்த்து நட என்றேன்,
முன்கையைச் சொறிந்துகொண்டே.